ஒரு கொலையாளியும் மூன்று வேடங்களும்

தாம்பரம் இரயில் நிலையத்தின் கிழக்கு வாயிலில் ஆட்டோக்கள் வரிசை கட்டி நிற்கும் இடத்தில், எங்கள் பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வண்டி ஓட்டி வருகிறார். ஞாயிறு மாலைகளில் அவர் வண்டியில் வீடு திரும்புவது என் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், வண்டியை நிறுத்திய பின்னும் அவர் இறங்க விடவில்லை. மனத்தில் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும்.

"சார், நீங்க படிச்சவங்க. ஒண்ணு கேக்கறேன். அவன் முதல்ல பெயிண்டரு. அப்புறம் சாராயம் வித்தான். பெயிண்டர் சங்கர்னு போட்டாங்களா? சாராய சங்கர்னு போட்டாங்களா? எங்க வண்டியத்தான சார் பேருக்கு முன்னாடி போட்டாங்க!"

முப்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட செய்தியை அவர் நேற்று நடந்ததைப் போலக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவருடைய பேரன் முதல் நாள் இரவு கைப்பேசியில் 'ஆட்டோ சங்கர்' என்னும் தொடரைப் பார்த்துக் கொண்டிருந்தானாம். 2019-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜீ5 இணையத் திரைத்தளத்தில் வெளிவந்த தொடர் அது. அந்தத் தொடரையும், அதில் கொலையாளியாக நடித்த இளைஞரையும், அந்தக் கொலையாளி நம் தென்சென்னைப் புறநகரில் விட்டுச் சென்ற நிழலையும் அன்றிலிருந்து எண்ணிப் பார்த்து வருகிறேன். ஒரு நடிகன் உண்மையில் வாழ்ந்த கொலையாளியின் உடலுக்குள் புகுந்து வெளிவரும்போது நமக்குக் கொண்டு வந்து தருவது என்ன? இவ்வினாவிற்கு வரலாற்றின் வழியே விடை தேடுவதுதான் முறை என்று தோன்றியது.

திருவான்மியூர் என்ற பெயரையே முதலில் எடுத்துக்கொள்வோம். வான்மீகி முனிவர் வழிபட்ட ஊர் என்பதால் இப்பெயர் வந்தது என்பர். கிழக்குக் கடற்கரைச் சாலையில், போவோர் வருவோர்க்கு நடுவே, அவருக்கென ஒரு சிறு கோயிலும் உண்டு. அந்த வான்மீகி, முனிவராவதற்கு முன் வழிப்பறிக் கொள்ளையராய் இருந்தவர் என்பது மக்கள் வழக்கு. கொன்றும் பறித்தும் பிழைத்தவன் உருமாறிய கதையைத் தன் பெயரிலேயே சுமந்திருக்கும் ஊர் இது. தேவாரப் பாடல் பெற்ற மருந்தீசர் கோயில் அதன் மையம். 1962-இல் கலாக்ஷேத்திரம் அடையாற்றிலிருந்து இங்கே குடிபெயர்ந்தது. முகத்தாலும் கையாலும் பிறராக மாறும் அவிநயக் கலையை ஒழுக்கமாகப் பயிற்றுவிக்கும் இடம் அது. சற்றே மேற்கே தரமணியில் 1960-இல் தொடங்கப்பெற்ற திரைப்படக் கல்லூரி. நடிப்பைக் கற்பிக்கும் இரு பள்ளிகளுக்கு அருகே, கடற்கரை மணலும் சவுக்குத் தோப்புமாக இருந்த புறநகர்ப் பகுதியில் பெரியார் நகர் என்னும் குடியிருப்பு இருந்தது. அங்கேதான் நம் கதை நடந்தது.

கௌரி சங்கர் என்பது அவன் இயற்பெயர். வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவன். வண்ணம் பூசும் வேலை செய்தான். பின்னர் ஆட்டோ ஓட்டினான். ஆட்டோவில் சாராயம் கடத்தினான். மாநிலத்தின் மதுக் கொள்கை அந்நாள்களில் கடிகாரப் பெண்டுலம் போல ஆடிக்கொண்டிருந்தது. 1971-இல் மதுவிலக்குத் தளர்ந்தது. மூன்றாண்டுகளுக்குள் மீண்டும் இறுகியது. 1981-இல் மறுபடி கடைகள் திறந்தன. 1987-இல் சாராயக் கடைகளும் கள்ளுக் கடைகளும் மட்டும் மூடப்பட்டன. ஒவ்வொரு முறை கதவு அடைபட்டபோதும் கள்ளச் சாராயக்காரனுக்குப் பின்கதவு திறந்தது. மாமல்லபுரத்திலிருந்து அடையாறு வரையிலான கடற்கரை அத்தொழிலுக்கு வாய்ப்பான இடமாக இருந்தது. சாராயத்தோடு விபசாரத் தொழிலும் சேர்ந்தது. பணம் வந்தது. பணத்தோடு பெரிய மனிதர்களின் நட்பும் வந்தது.

1987, 1988 ஆகிய ஆண்டுகளில் ஒரு பெண்ணும் ஐந்து ஆண்களுமாக ஆறு பேர் கொல்லப்பட்டனர். உடல்கள் புதைக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. 1988 சனவரி இறுதியிலிருந்து அவ்வாண்டு முழுவதும் தமிழ்நாடு குடியரசுத் தலைவர் ஆட்சியில் இருந்தது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். எம்.ஜி.ஆர். மறைந்து, கட்சி பிளந்து, சட்டமன்றம் கலைந்திருந்த காலம். காணாமற் போனவர்களின் வீட்டார் விடாமல் முறையிட்டதனால்தான் தோண்டத் தொடங்கினார்கள். செங்கற்பட்டு அமர்வு நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. அது நடந்துகொண்டிருக்கும்போதே, 1990-இல் சங்கர் சென்னை மத்திய சிறையிலிருந்து தப்பி, ஒரிசாவின் ரூர்கேலாவில் பிடிபட்டான். 1991 மே 31 அன்று அவனுக்கும் உடனிருந்தோர் இருவருக்கும் அமர்வு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 1992 சூலையில் உயர் நீதிமன்றமும், 1994 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அவனுடைய மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தன.

கொலைகளைப் பற்றி இதற்கு மேல் நான் விரித்துரைக்கப் போவதில்லை. அன்றைய வார இதழ்கள் வேண்டிய மட்டும் விரித்துரைத்துவிட்டன. இறந்தவர்களின் பெயர்களையும் இங்கே எழுதவில்லை. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் நம்மிடையே எங்கோ பேருந்தில் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கக்கூடும்.

இடையே ஒரு சிறு குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். தமிழில் எழுதுகிறவன் நடுநிலையாக இருக்கவே முடியாது. வினைமுற்றின் கடைசி எழுத்தில் நம் தீர்ப்பு வெளிப்பட்டுவிடுகிறது. 'வந்தான்' என்றால் ஒன்று; 'வந்தார்' என்றால் வேறு. நீதிமன்றத் தமிழ் இதற்கொரு வழி கண்டிருக்கிறது. அது குற்றம் சாட்டப்பட்டவரை 'எதிரி' என்று சொல்லி, முதலாம் எதிரி, இரண்டாம் எதிரி என எண்ணிட்டுச் செல்லும். நாளிதழ்களோ கைதான அன்றே 'ஆன்' விகுதிக்கு மாறிவிடும். நானும் இங்கே 'ஆன்' என்றே எழுதி வருகிறேன். ஆறு உயிர்களை எண்ணும்போது கை வேறு விதமாக எழுத மறுக்கிறது. ஆனால் அவனாக நடித்த நடிகரைப் பற்றி எழுதும்போது அதே வாக்கியத்தில் 'ஆர்' விகுதிக்குத் தாவ வேண்டியிருக்கிறது. ஒரே உருவம், இரண்டு விகுதி. நடிப்பின் சிக்கல் முழுவதும் இந்த ஓரெழுத்து இடைவெளியில் இருப்பதாக எனக்குப் படுகிறது.

இனி வேடங்களுக்கு வருவோம்.

அந்த மனிதனின் வேடத்தை முதன்முதலில் கட்டியவர் திரைநடிகர் என்றுதான் பலரும் நினைப்பர். அன்று. முதலில் கட்டியவன் அவனேதான். சங்கர் புதுவீடு கட்டிப் புகுவிழா நடத்தினான். உயர் அதிகாரிகள் பலர் அவ்விழாவிற்கு வந்திருந்ததற்கு வீடியோ நாடாவும் நிழற்படங்களும் சான்றாக உள்ளன என்று பின்னர் உச்ச நீதிமன்றத்தில் தாக்கலான ஒரு மனுவில் கூறப்பட்டது. வீடியோ எடுப்பது அக்காலத்தில் புதிய பெருமை. மாலையும் சந்தனமும், வருகிறவர்களை வரவேற்கும் கூப்பிய கரங்களும், எல்லாமாக ஒரு கொடைவள்ளலின் வேடம். பார்த்தவர்கள் அதை நம்பினார்கள். அல்லது நம்புவது அவர்களுக்கு வசதியாக இருந்தது. சினிமாதான் தன்னைக் கெடுத்தது என்று கடைசி நாள்களில் அவன் குறைப்பட்டுக்கொண்டதாகவும் செய்தி வந்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அதே சினிமாவை அதே கொட்டகையில் பார்த்துவிட்டு நம் ஆட்டோக்கார முதியவர் மறுநாள் காலை பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லப் போனாரே!

இரண்டாம் வேடம் 1990 பொங்கலுக்கு வந்தது. ஆர்.கே. செல்வமணி இயக்கிய முதற் படமான 'புலன் விசாரணை'. விஜயகாந்த் காவல் அதிகாரி. இயக்குநர் நம் தரமணித் திரைப்படக் கல்லூரியிலிருந்து வந்தவர். குற்றம் நடந்த இடத்திற்கு ஒரு நடை தூரத்தில் படித்த ஒருவர் தம் முதற் கதையை அங்கிருந்து எடுத்ததில் வியப்பில்லை. சங்கரின் சாயலில் அமைந்த பாத்திரத்தை ஆனந்தராஜ் ஏற்றார். கொட்டகைகள் நிறைந்தன. அந்தக் கண்களும் குரலும் அவரைத் தமிழ்த் திரையின் முன்னணி வில்லன்களுள் ஒருவராக்கின.

ஆண்டுக் கணக்கைச் சற்று ஒப்பிட்டுப் பாருங்கள். படம் வந்தது 1990 சனவரி. அமர்வு நீதிமன்றத் தீர்ப்பு 1991 மே. நீதிபதி குற்றவாளி என்று சொல்வதற்குப் பதினாறு மாதங்கள் முன்னரே திரையில் அவன் குற்றவாளியாகிவிட்டான். பாத்திரத்தின் பெயர் வேறாக இருந்ததால் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் கொட்டகைகளில் இருந்தவர்களுக்கு யாரைச் சொல்கிறார்கள் என்று தெரியாமலா இருந்தது? தீர்ப்பு பின்னர் அப்படியேதான் வந்தது என்பது நம் நல்லூழ். வராமல் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு விடை உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன். ஆனந்தராஜ் அவர்களோ முதுமையில் 'நானும் ரௌடிதான்', 'மரகத நாணயம்' போன்ற படங்களில் தம் பழைய வில்லத்தனத்தைத் தாமே கிண்டல் செய்து நம்மைச் சிரிக்க வைத்தார். வேடம் என்பது கழற்றி வைக்கக் கூடியது என்பதற்கு அவர் நல்ல சான்று.

மூன்றாம் வேடத்திற்கு முன்னால் ஒரு புத்தகம் குறுக்கிடுகிறது. இவ்வரலாற்றில் மிக முக்கியமான பகுதி அதுதான் என்பது என் கருத்து. ஆயினும் திரைப்படத்தை அறிந்த அளவுக்கு நம்மில் பலர் இதை அறியவில்லை.

1994 மே மாதம் 'நக்கீரன்' வார இதழ் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. மரண தண்டனைக் கைதியான சங்கர் சிறையில் எழுதிய தன்வரலாறு விரைவில் தொடராக வரும் என்பது செய்தி. முந்நூறு பக்கம் கொண்ட அக்கையெழுத்துப்படியைச் சிறை அதிகாரிகள் அறியவே அவன் தன் மனைவியிடம் கொடுத்தனுப்பினான் என்றும், அதிகாரிகள் பலருக்கும் தனக்கும் இருந்த நெருக்கத்தை அதில் எழுதியிருக்கிறான் என்றும் இதழ் கூறியது. சூன் 15 அன்று சிறைத்துறைத் தலைமை அதிகாரியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அதை அவன் எழுதவே இல்லை. வெளியிட்டால் நடவடிக்கை எடுக்கப்படும் என்றது கடிதம். இதழின் ஆசிரியர் ஆர். ராஜகோபால் உச்ச நீதிமன்றம் சென்றார்.

1994 அக்டோபர் 7 அன்று நீதிபதிகள் ஜீவன் ரெட்டி, சுகாஸ் சென் ஆகியோர் அளித்த தீர்ப்பு இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடம். அத்தன்வரலாற்றை அவன்தான் எழுதினானா என்ற வினாவிற்கு அவர்கள் விடை தேடவில்லை. அவன் எழுதவில்லை, இசைவும் தரவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், நீதிமன்றப் பதிவேடு போன்ற பொது ஆவணங்களில் இருப்பதை எவரும் எழுதலாம் என்றார்கள். அதற்கு அப்பால் ஒருவரின் வாழ்வுக்குள் நுழைந்தால், நுழைந்தவர் விளைவுக்குப் பொறுப்பாவார். தங்களுக்கு இழுக்கு வரும் என்ற அச்சத்தால் ஒரு நூலை முன்கூட்டியே தடுக்க அதிகாரிகளுக்கு உரிமையில்லை. தனித்து விடப்படும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு. அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவில் அது அடங்கியிருக்கிறது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று அறிவித்தபோது, அதற்கு முன் இடப்பட்ட படிகளுள் ஒன்றாக இந்தத் தீர்ப்பு இருந்தது. தூக்கு மேடைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு திருவான்மியூர்க்காரனின் வழக்கிலிருந்து நம் எல்லோருடைய வீட்டுக் கதவுக்கும் ஒரு தாழ்ப்பாள் கிடைத்தது!

அதே தீர்ப்பில் விதிவிலக்கு ஒன்றும் உண்டு. பொது ஆவணத்தில் இருப்பதை எழுதலாம் என்ற விதி, பாலியல் வன்முறைக்கோ கடத்தலுக்கோ உள்ளான பெண்ணுக்குப் பொருந்தாது. அவள் பெயரை மறுபடியும் ஊரறியச் செய்து அவளை இரண்டாம் முறை இழிவுக்கு உள்ளாக்கலாகாது என்று நீதிபதிகள் கூறினர். கொலையாளியின் கதையைச் சொல்ல வழிவிட்ட அதே கை, அவனால் துன்புற்றவளின் மேல் ஒரு போர்வையையும் இட்டது. நடிகர்களும் இயக்குநர்களும் இந்த ஒரு பத்தியையேனும் படித்திருக்கலாம் என்று பல முறை எண்ணியதுண்டு.

1995 ஏப்ரல் 27 விடியலில் சேலம் மத்திய சிறையில் சங்கர் தூக்கிலிடப்பட்டான். தமிழ்நாட்டில் அதற்குப் பின் எவரும் தூக்கிலிடப்படவில்லை.

இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, அதே ஏப்ரல் மாதத்தில் மூன்றாம் வேடம் வந்தது. இம்முறை பெயரை மறைக்கவில்லை. தலைப்பே அவன் பெயர்தான். ஏற்றவர் தமிழர் அல்லர், கேரளத்துச் சரத். 2017-இல் 'அங்கமாலி டைரீஸ்' என்ற மலையாளப் படத்தில் அப்பானி ரவி என்னும் அடாவடிக்காரனாக நடித்துப் பெயர் பெற்றவர். அப்பெயர் அவரை விடவில்லை. 'அப்பானி சரத்' என்றே இன்று அவர் அறியப்படுகிறார். ஒருவன் ஓட்டிய வண்டி அவன் பெயருக்கு முன் ஏறிக்கொண்டது. இன்னொருவர் ஏற்ற வேடம் அவர் பெயருக்கு முன் ஏறிக்கொண்டது. முன்னவனாகப் பின்னவர் நடித்தார். என் தாயின் ஊரில் பாஸ்கு நாடகத்தில் ஓர் ஆண்டு யூதாசாக நடித்த நல்ல மனிதர் ஒருவரைக் கடைசி வரை 'யூதாஸ் மாமா' என்றே பிள்ளைகள் அழைத்தது நினைவுக்கு வருகிறது. அவர் அதற்காக ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

தொடரைப் பார்த்தேன். முழுதும் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். சில இடங்களைத் தள்ளி ஓட்டினேன். வன்முறை வேண்டியதற்கு மேல் இருக்கிறது. ஆனால் சரத்தின் நடிப்பைக் குறை சொல்ல முடியவில்லை. அவர் அரக்கனை நடிக்கவில்லை. தெருமுனையில் நாம் தினமும் கடந்து போகும், சற்று முன்கோபமுள்ள, நண்பர்களிடம் தாராளமான ஓர் ஆளை நடித்தார். அவ்வாறு நடித்ததனால்தான் நம்மை அச்சம் பற்றுகிறது. அரக்கன் என்றால் நாம் தப்பித்தோம். அவன் வேறு இனம், நாம் வேறு இனம். நம்மைப் போலத் தேநீர் குடிக்கிறவன், தன் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுகிறவன் என்றால் என் செய்வது? தமிழில் நடிகன் ஏற்பதைப் பாத்திரம் என்கிறோம். நீர் மொள்ளும் கலத்துக்கும் அதுவே பெயர். எதை ஊற்றினாலும் கலம் தாங்கிக்கொள்கிறது; கவிழ்த்து அலம்பினால் பழையபடி ஆகிவிடுகிறது. ஆனால் பித்தளைக் கலத்தில் நெடுநேரம் புளித்த மோர் இருந்தால் கலமும் பச்சை பூக்கும் என்பதை நம் வீட்டுப் பெண்கள் அறிவார்கள்.

இத்தகைய உருமாற்றத்திற்கு உலகம் இன்று அடையாளமாகக் காட்டுவது 2003-இல் வந்த 'மான்ஸ்டர்' என்னும் அமெரிக்கப் படத்தை. ஃபுளோரிடாவில் 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் ஏழு ஆண்களைச் சுட்டுக் கொன்ற ஐலீன் வோர்னோஸ் என்ற பெண்ணாகச் சார்லிஸ் தெரோன் நடித்தார். அழகி என்று பெயர் பெற்றிருந்த அவர் ஏறத்தாழ முப்பது பவுண்டு எடை கூட்டினார், பொய்ப்பற்கள் பொருத்திக்கொண்டார், புருவத்தை மழித்தார். வோர்னோஸைப் பற்றிய ஆவணப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். சிறையிலிருந்து அப்பெண் எழுதிய கடிதங்களும் படக்குழுவினர் கைக்குக் கிடைத்தன. 2002 அக்டோபரில் நச்சூசியால் அவளுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. 2004 பிப்ரவரி 29 அன்று தெரோனுக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது. அந்நாள் வோர்னோஸ் பிறந்த நாள். நான்காண்டுக்கு ஒரு முறை வரும் நாளில் பிறந்து, பதின்ம வயதிலேயே தாயாகி, தெருவில் வளர்ந்தவள் அவள். அந்த வாழ்வைப் பார்க்க நம்மை இழுத்துச் சென்றது தெரோனின் முகம்தான். ஆனால் சுடப்பட்ட எழுவரின் முகம் நம்மில் எவருக்கு நினைவிருக்கிறது?

எனக்கு இதைவிடப் பெரிய செயலாகத் தோன்றுவது பழைய படமொன்று. நமக்கு 'காந்தி' படத்தைத் தந்த ரிச்சர்ட் அட்டன்பரோ, அதற்குப் பதினோராண்டு முன், 1971-இல் 'ரில்லிங்டன் பிளேஸ் 10' என்ற படத்தில் கொலைகாரனாக நடித்தார் என்பதைப் பலர் அறியார். இலண்டனில் அந்த முகவரியில் குடியிருந்த ஜான் கிறிஸ்டி என்பவன் பெண்களைக் கொன்று சுவருக்குள்ளும் தோட்டத்திலும் மறைத்தவன். மாடியில் குடியிருந்தவன் திமொத்தி எவன்ஸ் என்ற இளைஞன். எழுதப் படிக்கச் சரியாகத் தெரியாதவன். எவன்ஸின் மனைவியும் பச்சிளங் குழந்தையும் கொல்லப்பட்டபோது காவலர் எவன்ஸையே பிடித்தனர். அவனுக்கு எதிராகச் சாட்சி சொன்ன முக்கியமானவன் கிறிஸ்டி! 1950 மார்ச்சில், 25 வயதில், எவன்ஸ் தூக்கிலிடப்பட்டான். மூன்றாண்டு கழித்துக் கிறிஸ்டியின் வீட்டுச் சுவருக்குள் உடல்கள் அகப்பட்டன. எவன்ஸின் மனைவியைத் தானே கொன்றதாகவும் அவன் ஒப்புக்கொண்டான். அவனும் தூக்கிலேற்றப்பட்டான். 1965-இல் எவன்ஸின் எலும்புகளைச் சிறை வளாகத்திலிருந்து எடுத்து இலண்டன் லேட்டன்ஸ்டோனில் உள்ள புனித பேட்ரிக் கத்தோலிக்கக் கல்லறையில் மீண்டும் அடக்கம் செய்தனர். 1966-இல் அரசியின் மன்னிப்பு வந்தது. இறந்து பதினாறு ஆண்டுகளுக்குப் பின் வந்த மன்னிப்பு.

மரண தண்டனைக்கு எதிரானவர் என்பதால்தான் அட்டன்பரோ அவ்வேடத்தை ஏற்றார். பெயர் மாற்றப்பட்டிருந்த அதே தெருவில், அது இடிக்கப்படுவதற்குச் சற்று முன், படம் எடுக்கப்பட்டது. முதல் உலகப் போரில் நச்சுப்புகை பட்டதால் கிறிஸ்டி இரைந்து பேசமாட்டான் என்பர்; அட்டன்பரோ படம் முழுவதும் மெல்லிய குரலில் பேசுகிறார். வழுக்கைத் தலை, வட்டக் கண்ணாடி, விருந்தாளிக்குத் தேநீர் ஊற்றும் பணிவு. அந்தப் பணிவைக் கண்டு உடல் நடுங்கும். ஆயினும் படம் முடியும்போது நம் மனத்தில் நிற்பவன் கிறிஸ்டி அல்லன். தன் கழுத்தில் கயிறு விழும் வரை நடப்பது புரியாமல் விழிக்கும் எவன்ஸ். அவனாக நடித்தவர் ஜான் ஹர்ட். கொலையாளியாக நடித்தவர் தம் திறமை முழுவதையும் செலவிட்டு, கொலையுண்டவனுக்கு வழி விட்டு விலகி நிற்கிறார். நல்ல ஊர்களில் தேர் வடம் பிடிப்பவர்களை நாம் பார்ப்பதில்லை, தேரைத்தான் பார்க்கிறோம்.

நம் செங்கற்பட்டு நீதிமன்றத்தைக் குறிப்பிட்டேன். அங்கே விசாரிக்கப்பட்ட இன்னொரு புகழ்பெற்ற வழக்கில் நடிகரே எதிரிக் கூண்டில் நின்றார். 1967 சனவரி 12 மாலை, பரங்கிமலையை அடுத்த இராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர். இராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார். எம்.ஜி.ஆர். பிழைத்தார், கழுத்துக் கட்டோடு அவர் இருக்கும் சுவரொட்டி ஊரெங்கும் ஒட்டப்பட, அதே பரங்கிமலைத் தொகுதியில் சட்டமன்ற உறுப்பினரானார். இராதாவிற்கு ஏழாண்டுச் சிறை விதிக்கப்பட்டது; 1971-இல் விடுதலையாகி மீண்டும் நடித்தார். இது கொலையன்று, கொலை முயற்சி. ஆகவே நம் பொருளின் ஓரத்தில்தான் நிற்கிறது. ஆனால் 2021-இல் வந்த 'தலைவி' படத்தில் எம்.ஆர். இராதாவாக நடித்தவர் அவருடைய மகன் இராதாரவி என்பதைச் சொல்லாமல் கடக்க மனமில்லை. தந்தையின் துப்பாக்கியை மகன் கையில் ஏந்தும் காட்சிக்கு எந்த நடிப்புப் பள்ளியில் பயிற்சி கிடைக்கும்?

சங்கர் தூக்கிலிடப்பட்ட அதே 1995-இல், இரண்டு மாதம் முன்னதாக, பிப்ரவரி 25 அன்று, மத்தியப் பிரதேசத்தில் ஓடும் பேருந்தில் அருள்சகோதரி இராணி மரியா ஐம்பதுக்கு மேற்பட்ட கத்திக்குத்துகளால் கொல்லப்பட்டார். வட்டிக் கடனில் சிக்கிய ஏழை உழவர்களை அவர் ஒன்று திரட்டியது சிலருக்குப் பொறுக்கவில்லை. குத்திய சமுந்தர் சிங்குக்கு ஆயுள் தண்டனை. 2002-இல் இராணி மரியாவின் உடன்பிறந்த தங்கையும் துறவியுமான செல்மி பால் இந்தூர்ச் சிறைக்குச் சென்று, அவர் கையில் இராக்கி கட்டித் தம் சகோதரனாக ஏற்றார். 2006-இல் அவர் விடுதலையானார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் இராணி மரியா அருளாளராக உயர்த்தப்பட்டார். 2023-இல் இவ்வரலாறு 'முகமற்றோரின் முகம்' என்னும் பொருள்படும் தலைப்பில் இந்தித் திரைப்படமாக வந்தது. வின்சி அலோஷியஸ் இராணி மரியாவாக நடித்தார்.

அப்படத்தில் சமுந்தர் சிங்காக நடித்தவருக்கு வாய்த்த வேலை மற்றவர்களுக்கு வாய்த்ததைவிடக் கடினமானது. கிறிஸ்டியும் வோர்னோஸும் அப்படங்கள் வருமுன்னே மடிந்துவிட்டவர்கள்; சங்கரும் தன் பெயரிலான தொடர் வருமுன்னே மடிந்துவிட்டவன். தண்டனையோடு கதை முடிந்தது. இங்கோ உண்மை மனிதர் உயிரோடு வயலில் உழுதுகொண்டிருந்தார், தாம் கொன்றவரின் கல்லறைக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். கத்தியை ஓங்கும் கையையும், அதே மணிக்கட்டில் இராக்கி கட்டப்படும்போது நடுங்கும் கையையும் ஒரே நடிகன் காட்ட வேண்டும். நான் இதுவரை ஒரு சமநிலையோடு 'ஆன்' விகுதி பயன்படுத்தி வந்தேன். சமுந்தர் சிங் என்னும்போது அது 'ஆர்' என மாறிவிட்டதை எழுதி முடித்த பின்தான் கவனித்தேன். திருத்தாமல் விட்டுவிட்டேன்.

சங்கருக்கு அப்படியொரு மணிக்கட்டுக் கயிறு கிடைத்திருக்குமா, அதற்கு அவன் தகுதியாயிருந்திருப்பானா என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. முந்நூறு பக்கம் எழுதியதாகச் சொல்லப்பட்டவன் நாற்பது வயதை ஒட்டிய பருவத்தில் போய்விட்டான். அவன் கதையில் வந்த அதிகாரிகளில் பெரும்பாலோரைப் பற்றி எவரும் படம் எடுக்கவில்லை. அவர்களாக நடிக்கத்தான் உண்மையில் பெருந்திறமை வேண்டும். புகுவிழாவில் கை குவித்து நின்று, பின்னர் ஒன்றும் அறியாதவர்போலக் கோப்பில் கையொப்பமிடும் முகத்தை நடிப்பது எளிதா?

சென்ற மாதம் ஒரு வேலையாகத் திருவான்மியூருக்குப் போனேன். வேளச்சேரிச் சாலையில் மேடவாக்கம் தாண்டி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் எஞ்சிய நீரைப் பார்த்தபடி சென்றது வண்டி. ஓட்டியவர் நம் முதியவரேதான். நெடுந்தூரச் சவாரிக்கு இப்போதெல்லாம் அவர் வருவதில்லை, எனக்காக வந்தார். பறக்கும் இரயில் நிலையமும் கண்ணாடிக் கட்டடங்களுமாக ஊர் அடையாளம் தெரியாமல் மாறியிருக்கிறது. சவுக்குத் தோப்பு எங்கே இருந்தது என்று காட்ட அவராலேயே முடியவில்லை.

திரும்பும்போது தொடரைப் பற்றி அவரே பேச்செடுத்தார்.

"பேரன் சொல்றான், அந்தப் பிள்ள நல்லா நடிச்சிருக்குதாம். நெசமா சார்?"

"ஆமாம் ஐயா, நன்றாகத்தான் நடித்திருக்கிறார்."

சற்று நேரம் அவர் பேசவில்லை. மேடவாக்கம் கூட்டுச் சாலையில் விளக்குக்காக நின்றபோது திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

"அந்தக் காணாமப் போனவங்க வீட்டு ஜனங்க ஸ்டேசன் ஸ்டேசனா அலைஞ்சாங்களே. அவங்களா யாரு சார் நடிச்சாங்க?"

நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். முடியவில்லை. விளக்குப் பச்சையாயிற்று, பின்னாலிருந்து பேருந்து ஒலி எழுப்பியது. அவர் வண்டியை எடுத்தார்.